அடுத்த பாவுக்கு

போன வாரம் எங்கள் ஊர் ஆரணியில் ஒரு கல்யாணம். கண்ணமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், கார் டயர் பஞ்சர். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று என் மகன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினான். எனக்கு அந்தக் கவலை இல்லை. நாம் போகாவிட்டாலும் தாலி கட்டத்தான் போகிறார்கள். நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. வாசல் வேப்பமரக் கிளையில் பழைய லாரி டியூப் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்கு அதுதான் போர்டு. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அதன் பக்கத்தில் போய், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன்.

"அம்மா, இன்னா பண்ற நீ?" என்றான் மகன்.

தலை நரைத்த வயதில், பட்டுப்புடவையும் கொண்டைப் பூவுமாக நின்று லாரி டியூபை முகர்கிற அம்மாவிடம் வேறு என்னதான் கேட்பான்? கடைக்காரர் மட்டும் சிரித்தார். "நீச்சலுக்கு வோணுமாம்மா? இப்பல்லாம் டியூபு கெடைக்கறதே பேஜாரு. எல்லாம் டியூப்லெஸ்ஸு" என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே எப்படிக் கண்டுபிடித்தாரோ. அவரும் ஏதோ ஒரு கழனிக் கிணற்றில் குதித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை என்றால் எனக்கு மே மாதம். மே மாதம் என்றால் மல்லிகா அக்கா.

என் பேத்தி லீவு விட்டதும் இந்த வருஷம் என்னென்ன செய்யப்போகிறாள் என்று பெரிய திட்டமே போடுகிறாள். 'சம்மர் கோல்' என்று அதற்குப் பெயர் வேறு. எங்களுக்கும் திட்டங்கள் இருந்தன, பெயர்தான் இல்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியிலேயே சத்தமாகச் சொல்லிக்கொள்வோம். நான் சொன்னவை எல்லாம் பிரமாதமானவை. வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருமலைக்குப் போய், மலையில் செதுக்கி வைத்திருக்கிற அந்த உயரமான சமணச் சாமியின் முழங்கால் வரைக்குமாவது எனக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். விசில் இன்றுவரை வரவில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. முழங்கால் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அக்காவுக்கு ஒரே ஒரு திட்டம். டியூபை விட்டுவிட்டு நீந்த வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். அப்பா பட்டு நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற புடவைகளுக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் அந்தப் பக்கத்துக் கரைக்கு மட்டும் இழை ஓட்டுகிற தனி நாடா போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோர்வை போடுவது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அக்கா. பள்ளிக்கூட நாட்களில் காலையும் மாலையும். லீவில் முழு நாளும். அவள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். லீவு என்பதே எங்களைப் போன்ற வீடுகளில் கல்யாண சீசன் என்பதற்கு இன்னொரு பெயர்.

ஆனால் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கிற நூலான பாவு ஒன்று முடிந்து, அடுத்த பாவை இழை இழையாகப் பிணைக்கிற நாட்களில் தறிக்கு ஓய்வு. பிணைக்க ஒரு அம்மா வருவார். அந்த இரண்டு மூன்று நாள்தான் அக்காவுக்கு லீவு. அதனால் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கும் பதில், "அடுத்த பாவுக்கு." புதுப் பாவாடையா, அடுத்த பாவுக்கு. சினிமாவா, அடுத்த பாவுக்கு. மற்ற வீடுகளில் பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்பார்களே, அந்த மாதிரி.

கிணறு, அக்காவோடு படித்த ஸ்டெல்லாவின் வீட்டுக் கழனியில் இருந்தது. ஊருக்கு வெளியே, ரோட்டை ஒட்டியே. கரையில் இரட்டைப் பனை. ஸ்டெல்லா மீன் குட்டி. தண்ணீரில் பிறந்து தவறிப்போய்த் தரைக்கு வந்தவள் போல இருப்பாள். மத்தியானம் பையன்கள் சாப்பிடப் போகிற நேரம் எங்களுடையது. பம்ப் செட் கொட்டகைக் கம்பியில் ஒரு பாவாடையைத் தொங்கவிட்டால் உள்ளே பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்த எந்தப் பையனும் வரப்பில் கால் வைக்க மாட்டான். அந்தப் பாவாடைக்கு இருந்த மரியாதை இன்று போலீஸுக்குக்கூட இருக்கிறதா தெரியவில்லை.

லாரி டியூப் ஸ்டெல்லாவின் அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்தது. காற்றடிக்கிற பித்தளை மூக்கு வயிற்றைக் கீறும். கீறலைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வோம். டியூபைக் கட்டிக்கொண்டு நாலு நாள் காலடித்தால் எந்தப் பிள்ளையும் ஐந்தாம் நாள் அதை உதறிவிட்டு, இரண்டு கை வீசி எதிர்ச் சுவரின் கல்லைப் பிடித்துவிடும். நீச்சல் என்பது அவ்வளவுதான். கல்லைப் பிடிக்கிற வரைக்கும் மூழ்காமல் இருப்பது.

அக்காவுக்கு அந்தக் கல்தான் பிரச்சினை.

அப்பா நீச்சலுக்குத் தடை சொன்னதில்லை. மூழ்கிவிடுவாளோ என்ற பயம்கூட அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய பயம் வேறு. "கெணத்துக் கல்லப் புடிக்காத கண்ணு. கை சொரசொரன்னு ஆயிடும். பட்டு மாட்டும்" என்பார். விரல் நுனியில் துளி சிராய்ப்பு இருந்தாலும் பட்டு இழை அதில் சிக்கி இழுபடும், புடவையில் தெரியும். தறியில் உட்காரும் முன் அக்கா இரண்டு கையையும் நீட்ட, அப்பா தன் கட்டை விரலால் ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்ப்பார். நகை வியாபாரி கல்லைப் பார்ப்பது போல.

நான் மூன்றாம் வகுப்பு. என் கையை யாரும் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

கையால் வந்த வினை இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிணைக்கிற நாளில் மூன்று பேரும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, கண்ணமங்கலம் வரை போய்ப் பன்னீர் சோடா குடித்துவிட்டு வருவது என்று கிளம்பினோம். ஸ்டெல்லா மிதிக்க, அக்கா பின்னால், நான் முன்னால் பாரில். பாதி வழியில் செயின் கழன்றுவிட்டது. அக்காதான் இறங்கி மாட்டினாள். மாட்டி முடித்துக் கையைப் பார்த்தவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து விரலும் கறுப்பு. வீட்டில் மறுநாள் ஏற்றப் போவது சந்தன நிறப் பாவு. சோடாவாவது ஒன்றாவது, திரும்பிவிட்டோம். மண்ணெண்ணெய், சீயக்காய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போனது, மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லை. மறுநாள் தறியில் அப்பா மூக்கை உறிஞ்சினார், அக்காவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நெய்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா பிறகு சொன்னாள்.

கிணற்றிலும் இதே கதைதான். டியூபோடு நடுக் கிணறு வரை அழகாக வருவாள். ஸ்டெல்லா எதிர்ப்புறம் படியில் நின்றுகொண்டு கத்துவாள்.

"விடுடி! கல்லு கைக்கெட்டற தூரம்தாண்டி! ஜல்தி!"

அக்கா கல்லைப் பார்ப்பாள், தன் விரல்களைப் பார்ப்பாள். "அடுத்த பாவுக்கு உட்டுட்றேண்டி" என்பாள். இதைக் கேட்டு ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே தண்ணீரில் விழுவாள். அவள் வீட்டில் நெல்லும் கடலையும்தான். பாவு என்றால் என்ன கணக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா ஆறாவது முடித்த வருஷம் அது. அவள் வகுப்பில் நாலைந்து பேர் அதற்குள் வயதுக்கு வந்துவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் யாரும் அப்புறம் கிணற்றுக்கு வரவில்லை. அதுவும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஸ்டெல்லா வீட்டில் அவ்வளவு கெடுபிடி இல்லை. எங்கள் தெருவில் உண்டு. அதனால் அந்த மே மாதக் கடைசியில் ஒரு பாவு முடியப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா ஒரு யோசனை செய்தாள். பிணைக்கத் தொடங்குகிற முதல் நாளே டியூபை விட்டுவிடுவது. கல்லைப் பிடித்துக் கை சிராய்த்தாலும் தறி ஓடத் தொடங்குவதற்குள் தேங்காய் எண்ணெய் போட்டு ஆற்றிவிடலாம். இவ்வளவு சுலபமான வழி முன்பே தோன்றவில்லையே என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எண்ணெயைக்கூட ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அன்று காலை பிணைக்கிற அம்மா வந்து தறியடியில் உட்கார்ந்தார். நான் மாற்றுப் பாவாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் அம்மா வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்து, "போய் மாமாவக் கூட்டிகினு வாடி. தென்ன ஓலை வோணும்னு சொல்லு" என்றாள்.

எனக்கு எதுவும் புரியவில்லை. மாமா வீட்டுக்கு ஓடினேன். கக்கத்தில் அந்தப் பாவாடை அப்படியே இருந்தது.

பச்சை ஓலைத் தடுப்புக்குள் அக்காவை உட்கார வைத்துவிட்டார்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று தெருவே வந்து ஊட்டிவிட்டுப் போனது. எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். தறியில் கோர்வைக்குப் பக்கத்துத் தெருப் பெண்ணை அழைத்துக்கொண்டார்கள். தீட்டு கழிகிற வரை அக்கா பட்டைத் தொடக்கூடாது. ஒரு மத்தியானம் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பாக்கற?"

"இத்தினி நாளும் பட்டத் தொட வோணாமாம்டி" என்றாள். "கல்ல எப்டி வோணாலும் புடிச்சிருக்கலாம்."

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது சில சமயம் சமையல் செய்துகொண்டிருக்கும்போது நினைவுக்கு வந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரே ஒரு நாள். ஒரு நாள் முந்திப் பாவு முடிந்திருந்தால்.

அடுத்த இரண்டு கோடையும் நான் மட்டும் போனேன். நான் டியூபை விட்டேன், கல்லைப் பிடித்தேன், உள்ளங்கை எல்லாம் சிராய்த்துக்கொண்டேன். நீச்சல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்கா தறியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "தண்ணி எப்டிடீ இருந்துச்சு?" என்பாள். பிறகு அப்பா வெற்றிலை போட எழுந்ததும் என்னைக் கூப்பிட்டு ஈரத் தலையை இழுத்து முகர்வாள். "பாசி வாசன வருது" என்பாள். கொஞ்சம் ரப்பரும் வரும். அவளும் ஒருநாள் வந்திருக்கலாமே, யாருக்கும் தெரியாமல் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் ஒரு தும்மல்கூடப் போட முடியாது.

அக்காவுக்கு உள்ளூரிலேயே கல்யாணமானது, அரிசிக் கடை வைத்திருந்தவருக்கு. அதன்பின் அவள் தறியில் உட்காரவே இல்லை. கை எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் யாரும் இல்லை. நான் படித்து, வேலூரில் வேலைக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டேன். அப்பா காலமான கையோடு தறியைப் பிரித்தாயிற்று.

பஞ்சர் ஒட்டி ஒருவழியாக மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டி முடித்திருந்தார்கள். அந்த மண்டபத்துக்கு நான் வருவது அதுதான் முதல் தடவை. காரை விட்டு இறங்கியதும் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் இரட்டைப் பனையைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டெல்லாவின் அண்ணன் கழனியை விற்றது கேள்விப்பட்டதுதான். இங்கேதான் என்று தெரியாது. பனையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சாப்பாட்டுக் கூடம் சரியாகக் கிணற்றின் மேல் இருந்தது.

அக்கா எனக்காக இலையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். சுவரோரம் கடைசி இலை. நான் உட்கார்ந்ததும் சொன்னாள், "நாம எங்க உக்காந்துகினு இருக்கோம் தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"எல்லாரும் வந்து துன்னுட்டுப் போறாங்க. கீழ இன்னா ஆழம்னு ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லிவிட்டுச் சுவரைத் தடவினாள். இடுப்புயரத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். "வழவழன்னு இருக்குதுடி. இதப் புடிச்சிருந்தா கைக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் கையைப் பார்த்தேன். மூட்டை தூக்கி, பாத்திரம் தேய்த்து, நுனியெல்லாம் வெடித்த கை. பட்டு இழை அந்தக் கைப் பக்கத்தில்கூட வர முடியாது.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சாம்பார் கேட்டேன். பிறகு, எங்கிருந்தோ ஒரு வேகம் வந்து, "வேலூருக்கு வாக்கா" என்றேன். "எங்க வீட்டுப் பக்கம் நீச்சல் குளம் கட்டியிருக்காங்க. பொம்பளைங்களுக்குத் தனி நேரம். இப்பவே கார்ல ஏறு, நான் கூட நிக்கிறேன். உன் வயசுக்காரங்க எல்லாம் வராங்க."

அவள் முகம் ஒரு நொடி அந்தப் பழைய முகமானது. நடுக் கிணற்றில், டியூபுக்குள் நிற்கிற முகம். சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள்.

"அடுத்த பாவுக்கு வர்றேண்டி" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பிசைந்த கை நின்றது. நானும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இனி எந்தப் பாவும் முடியப்போவதில்லை.