சுமதியக்கா எனக்கு எழுதிய வரி

அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ‘காட்டெருமைகள்’ குழுவினர் பதினாறு பேரின் திரைகளிலும் வலது மேல்மூலையில் வசித்துவந்த சின்ன வரைபடம் புதன்கிழமை மாலை அகால மரணமடைந்தது. உயிர்ப்பட்டைகள் படுத்த படுக்கையாகக் கிடக்கின்றன. மருந்துப் பொத்தான் யாரோடோ ஓடிப்போய்விட்டது. பொத்தானின் பெற்றோர் தேடிவருகிறார்கள்.

அன்று குழுவில் நான் இப்படித்தான் எழுதினேன். எல்லோரும் சிரித்தீர்கள். ஸ்ரீமதுரை ஷாஜி அண்ணன் மட்டும் தன் மலையாளத் தமிழில், “எடா கவினே, களியாக்காதே. என்டெ மேப் மொத்தமாப் போயிடுச்சு” என்று புலம்பினார். விளையாட்டுக்கு அப்டேட் வந்தால் திரை கலைவது வழக்கம். கலைந்ததும் சுமதியக்காவைக் கூப்பிடுவதும் வழக்கம். கூப்பிட்டோம். பதில் இல்லை. ஆறு மணிக்கு நான் ஒரு கேள்வி போட்டேன்: “ஏனுங்க்கா, செத்துட்டீங்களா? உயிர் குடுக்கட்டுங்களா?” விளையாட்டுக்குள் ஒருவரையொருவர் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது.

பத்து நிமிடம் கழித்து அக்காவின் பெயரிலிருந்து பதில் வந்தது. “நான் சுமதியோட தம்பி மனோ. அக்கா இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. மூணு நாளா காய்ச்சல். நாளைக்கு எடுக்குறோம்.”

என் கேள்வியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மற்ற பதினைந்து பேரும் பார்த்திருந்தீர்கள். ஒருவர்கூட இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அதற்கு நன்றி சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாளுக்கு இதை மனோ அண்ணன் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறார். ஆகவே அம்மாவுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அம்மா, நாங்கள் ஆடுவது இன்டர்நெட்டில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. டிராகனை அடிப்போம், பெரும்பாலும் அதுதான் எங்களை அடிக்கும். அடிபடுகிறவர்களுக்கு மருந்து போடுவது உங்கள் மகளின் வேலை. அந்த விளையாட்டின் திரையை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளச் சின்னச் சின்னக் கூடுதல் நிரல்கள் இருக்கின்றன. ஆட்-ஆன் என்போம். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டையைப் பெரிதாக்க ஒன்று, பொத்தானை நகர்த்த ஒன்று என்று ஆளுக்கு இருபது முப்பது வைத்திருப்போம். அவை ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொள்ளும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது அக்கா. தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, வீட்டுக்கு வந்து, முகம் கழுவி உட்கார்ந்தாரென்றால் நாங்கள் வரிசையில் நிற்போம்.

அவருடைய வைத்தியத்தை ஷாஜி அண்ணனிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். புதிதாக ஓர் ஆட்-ஆன் இறக்கினேன், வரவே இல்லை என்று அவர் மூன்று நாள் சண்டைக்கு நின்றார். அக்கா தூரத்திலிருந்தே அவர் கணினிக்குள் நுழைந்து பார்த்தார். இறக்கிய ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. “ஷாஜியண்ணே, பொட்டிக்குள்ள பொட்டி, அதுக்குள்ள பொட்டி. கல்யாணத்துக்குச் சீரா கொண்டுபோறீங்க? உள்ளுக்கு இருக்கிறத எடுத்து வெளிய வைங்க, அது தானா வரும்” என்றார். வந்தது. ஷாஜி அண்ணன் அன்றைக்கு முழுக்க என்னைத் திட்டினார், நான் சிரித்ததற்காக.

கேரட் சம்பவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. குழுவுக்குப் பொதுவாக அக்கா அனுப்பும் தொகுப்பில், அவருக்குத் தெரியாமல் நான் செய்த ஆட்-ஆன் ஒன்றையும் நுழைத்துவிட்டேன். டிராகன் நெருப்பைத் துப்பிய சமயம் பார்த்து எல்லோருடைய உயிர்ப்பட்டையும் கேரட்டாக மாறியது. மொத்தக் குழுவும் செத்தது, பாதி நெருப்பில், பாதி சிரிப்பில். யார் வேலை என்று ஆளாளுக்குக் கத்தியபோது அக்கா கத்தவில்லை. “இருவத்தெட்டு இருக்கு. பாதிய அணைச்சுட்டுப் பாருங்க” என்றார். அணைத்தோம், கேரட் இருந்தது. “அப்ப மிச்சப் பாதியிலதான் இருக்கு. அதுல பாதிய அணைங்க.” பதினான்கு ஏழானது, ஏழு நான்கானது. ஐந்தாவது சுற்றில் என்னுடையது மட்டும் தனியாக நின்றது. நான் மைக்கை அணைத்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன்.

“கேரட் நல்லாத்தான் இருக்குடா வாலு. ஆனா உயிர் கொறையும்போது எந்தப் பக்கம் கொறையுதுன்னே தெரியலயே. நுனியிலேர்ந்து கொறையட்டும், அப்பதான் மருந்து போட ஏலும்” என்றார். அவரே திருத்தியும் கொடுத்தார். ஒரு வாரம் காட்டெருமைகள் கேரட்டோடு திரிந்தன.

அவர் என்னை உண்மையாகத் திட்டியது ஒரே ஒரு முறை. பிழைச் செய்திகள் சிவப்பாக வந்து விழுந்துகொண்டே இருந்தன என்று, நான் அந்தச் செய்திகளே வராமல் செய்யும் வழியைக் கண்டுபிடித்து, “சரியாயிடுச்சுங்க்கா” என்று மார்தட்டினேன். அவர் வந்து பார்த்தார். “வலிக்குதுன்னு சொல்ற வாயப் பொத்திட்டு, வலி போயிருச்சுங்கிறியா? எங்க வலிக்குதுன்னு அது சொல்லட்டும்டா. சொன்னாத்தானே பார்க்கலாம்?” என்றார். பிறகு, “கைய எடு” என்றார்.

‘கைய எடு’ என்றால் மவுஸிலிருந்து நாம் கையை எடுத்துவிட வேண்டும். அவர் எமரால்டில் தன் வீட்டிலிருந்தே நம் திரையை ஓட்டுவார். பெர்ன்ஹில்லில் என் வீட்டு மேசையில் மவுஸ் சும்மா கிடக்க, திரையில் அம்பு மட்டும் தானாக நடந்து போகும். எதையும் பதறாமல் திறக்கும், படிக்கும், மூடும். போகிறபோது எதையோ தட்டச்சு செய்துவிட்டுப் போவார். என்ன என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்போது நான் முறுக்கு எடுக்கப் போயிருப்பேன்.

அடக்கத்தன்றுதான் நாம் எல்லோரும் முதன்முறையாக ஒருவரையொருவர் நேரில் பார்த்தோம். எமரால்டில் சாரல். யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு தடித்த மனிதர், “எடா, வழி இதானோ?” என்று கேட்டதும், குரலை வைத்து ஷாஜி அண்ணன் என்று கண்டுகொண்டு கட்டிக்கொண்டேன். குன்னூர் தினேஷ் அண்ணன் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்துவிட்டார். குரல் கேட்டுக் கேட்டுப் பதினாறு பேரும் சேர்ந்தோம். எல்லோருக்கும் தெரிந்த குரல் ஒன்று மட்டும் உள்ளே பேசாமல் கிடந்தது. இருபத்தொன்பது வயது. முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். இவ்வளவு சின்னவராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்காகச் சொல்கிறேன். புதன்கிழமை கலைந்த திரையைச் சரிசெய்தது நான். மனோ அண்ணனின் செய்தி வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். பழைய அமைப்புகளைப் புது அப்டேட் ஏற்கவில்லை, அவை இருக்கும் ஃபோல்டரை விலக்கினால் விளையாட்டு புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். “டாக்டர் லீவு. இன்று கம்பவுண்டர் கவின் பார்ப்பார்” என்று தலைப்புப் போட்டு வழிமுறையும் எழுதினேன். அதில் அக்கா எப்போதும் சொல்வதையும் சேர்த்திருந்தேன்: “எதையும் அழிக்காதே. பேர மாத்தி வை. பின்னால ‘பழசு’ன்னு போடு. சரியா?” எல்லோரும் அப்படியே செய்தீர்கள்.

ஷாஜி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழசைத் திறந்து பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு வரி தமிழில் இருந்தது. திரையில் எங்கும் தெரியாத வரி. அடுத்த அப்டேட்டில் கலைந்தால் திரும்ப அடுக்க வேண்டுமே என்று அக்கா தனக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு. ‘ஷாஜியண்ணனுக்குச் சின்ன எழுத்து தெரியாது. கேக்க வெக்கப்படுவார். பெருசாவே வை.’ அவர் அதைக் குழுவில் போட்டதும் ஒவ்வொருவராகத் தேடினோம். தினேஷ் அண்ணனுடையதில், ‘செவப்பும் பச்சையும் இவருக்கு ஒண்ணு. நீலம் போடு.’ வேறொருவருக்கு, ‘எடது கை. பொத்தானெல்லாம் அந்தப் பக்கம்.’ தினேஷ் அண்ணன் தனக்கு நிறம் பிரிந்து தெரியாது என்று யாரிடமும் சொன்னதே இல்லையாம். டிராகனிடம் அவர் தப்பான பக்கம் ஓடுவதை வைத்தே அக்கா கண்டுபிடித்திருக்கிறார்.

எனக்கு எழுதியிருந்ததை நான் கடைசியாகப் போட்டேன். ‘கவின் கெட்டிக்காரன். எனக்கு ஏலாமப் போனா இதெல்லாம் அவன் பாத்துக்குவான். சரியா?’ குழுவிலேயே நீளமான வரி எனக்குத்தான். நீங்கள் எல்லோரும் அதற்கு இதயம் போட்டீர்கள். ஷாஜி அண்ணன், “இனி நீதான்டா எங்க டாக்டர்” என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்தார். “உள்ளுக்கு வாங்க மகன், தேத்தண்ணி குடிங்க. புள்ள ஒங்களுக்கு என்னா எழுதியிருந்தான்னு மனோ சொன்னான். ஒவ்வொருத்தரா வாசிங்க, கேக்குறேன்” என்றார். வாசித்தோம். என் முறை வந்தபோது நான் போனைப் பார்க்காமலே சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்னையத்தான் வாலு வாலுன்னு சொல்லுவா. ஒன்னைய இம்புட்டு நம்பியிருக்கா” என்று அழுதார். மனோ அண்ணன் அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அம்மா, அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்றைக்கு உங்கள் எல்லோரையும் பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி வைக்கச் சொன்னவன், என்னுடையதை மட்டும் அழித்துவிட்டேன். முதல் ஆளாகச் ‘சரியாயிடுச்சு’ என்று போட வேண்டும் என்கிற அவசரம். அக்கா இல்லாத நேரத்தில் அக்கா சொன்ன மாதிரி செய்யாமலே சரிசெய்துவிட்டேன் என்ற கொழுப்பு வேறு. குப்பைத்தொட்டியையும் கையோடு காலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, போனதை மீட்கும் மென்பொருள் மூன்றை இறக்கித் தேடினேன். கேரட் படம்கூட வந்தது. அக்காவின் வரி வரவில்லை. அவர் அதை என் கணினியில்தான் அடித்தார், வேறெங்கும் பிரதி இல்லை.

நான் போட்ட வரியை எழுதியது நான். அக்கா பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று ‘முடியாம’ என்பதற்கு ‘ஏலாம’ போட்டேன், கடைசியில் ‘சரியா’வும் சேர்த்தேன். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை, அக்கா உங்கள் யாரையும் ஒரு வரிகூடப் புகழவில்லை. யாருக்கு எது முடியாது என்பதை மட்டும் எழுதிவைத்து, அதற்கு ஏற்றபடி திரையை அடுக்கிக் கொடுத்தார். எனக்கும் எது முடியாது என்று ஒரு வரி எழுதியிருப்பார். இரண்டு வருடமாக நான் அதற்கேற்ற திரையில்தான் ஆடியிருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. இப்போது வேறு மாதிரி அடுக்கியிருக்கிறேன். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.

டாக்டர் நான் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. உங்களில் யாருக்காவது நான் எதில் தடுமாறுகிறேன் என்று தெரிந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.