அண்ணன் தொண்ணூற்றேழுக்கு வந்துவிட்டான்

அண்ணே, கோபப்படாதே. நீ போன பிறகும் உன் பேச்சைக் கேட்காமல் இன்னொரு பேட்டரியைக் கெடுத்துவிட்டேன். இந்தத் தடவை கெடுத்தது உன்னுடையதை.

மூத்தவன் பேரைச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கும் அவன் அண்ணன்தான்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். நான் ஒன்பதாவதோடு நின்றவன். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை. அண்ணன் ஒரு மில்லில் எலக்ட்ரீசியன், அங்கே இருக்கிற பேட்டரிகளைக் கவனிப்பது அவன் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் வீட்டில் இருக்கிற பேட்டரிக்கெல்லாம் அவன்தான் மாமியார். இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது, எண்பது வந்தால் உருவிவிட வேண்டும். இதுதான் அவன் சட்டம்.

நானோ சார்ஜில் போட்டபடியே கேம் ஆடுவேன். தலையணைக்கு அடியில் சொருகிவிட்டுத் தூங்குவேன். நூறு காட்டினால்தான் எனக்கு மனசு நிறையும். பள்ளிக்கூடத்தில் பார்க்காத நூறு, போனிலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

"ஏலே, இது என்ன கல்யாணப் பந்தியா? எலையில எடம் இருக்க வரைக்கும் வாங்கிக் கொட்டுத?" என்பான். என் பேட்டரி ஒன்றரை வருஷம் தாங்காது. அவனுடையது நாலு வருஷமாகியும் காலையில் எடுத்துப் போனால் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வரும். மில்லில் இருந்துகொண்டே எனக்கு வாய்ஸ் அனுப்புவான். சார்ஜில் இருந்து எடுத்தியா, சூடாக இருக்கிறதா, உறையைக் கழற்று. பாதியை நான் கேட்டதே இல்லை. கேம் இறங்க இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

போன வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, மதுரையில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. அந்த வார்டில் எட்டுக் கட்டிலுக்கு ஒரே ஒரு பிளக். படுத்த இடத்தில் இருந்தும் அவன் கண் அதன் மேல்தான். "எண்பது ஆயிருச்சுலே. உருவிட்டு அந்தப் பெரியவருக்குக் குடு, அவிய மகனுக்குப் பேசணுமாம்." இருபத்தோராம் நாள் அவனை வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி, பதினாறு நாள் அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அப்போதுதான் அவன் போனை எடுத்துப் பார்த்தேன். நான் அழித்த வாய்ஸ் எல்லாம், அனுப்பிய அவனிடம் அப்படியே இருந்தது. உடனே என் ஒன்பதாம் வகுப்பு மூளை வேலை செய்தது. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் உள்ளே இருப்பதும் அழிந்துபோகும் என்று முடிவு பண்ணிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. சார்ஜரைச் சொருகி, விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

பதினாறு முடிந்து விளக்கை மலையேற்றினார்கள். போனை நான் விடவில்லை.

"இது எதுக்குலே இன்னும்?"

"இதுவும் அணையக்கூடாதும்மா. உள்ள அவன் பேச்சு இருக்கு."

மறுநாள் சார்ஜருக்கும் அம்மா குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

ஒருநாள் தறியில் இருக்கும்போது அவளிடமிருந்து போன். "ஏலே, கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சு. அண்ணன் தொண்ணூத்தேழுக்கு வந்துட்டான். சீக்கிரம் வாலே!"

நான் சூப்பர்வைசரிடம் ஓடினேன். "அண்ணே, லீவு வேணும். எங்கண்ணனுக்கு முடியல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அண்ணனுக்கு நான் மாலை போட்டு வந்தேனேடா?"

பக்கத்துத் தறிக்காரனிடம் ஒரு பவர் பேங்கை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழையும்போது தொண்ணூற்று நாலு. நான் சொருகினேன், அடுத்த நிமிஷம் கரண்டு வந்தது.

இப்படி அஞ்சு மாதம். போன வாரம் அம்மா வாசலில் நின்றே கூப்பிட்டாள். "வந்து பாரேன், அண்ணன் வயிறு வீங்கிட்டான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போன் தரையில் படியாமல் ஆடியது. பின் மூடி பிளந்து, பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் போர்வைக்கு மேலே தெரிந்த அதே மேடு.

சார்ஜரை உருவினேன். அஞ்சு மாதத்தில் முதல் தடவை. இருந்த டப்பாக்களில் பால்கோவா டப்பாதான் சரியாக இருந்தது. அதில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு, ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "என்ன தம்பி, மாமனார் வீட்டுக்கா?" ஆமாம் என்று தலையாட்டினேன்.

செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு அக்கா இருந்தார். டப்பாவைத் திறந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இதையா பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தீக? குத்துப்பட்டா தீப்பிடிச்சிரும் தம்பி. எம்புட்டு நாளா சார்ஜுல கெடந்துச்சு?"

"அஞ்சு மாசம்."

"நடுவுல உருவவே இல்லையா?"

"இல்லக்கா. பக்கத்துல வெளக்கு வேற எரிஞ்சுச்சு."

முழுசையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"பேட்டரி சோறு மாதிரி தம்பி. பேச்சு சோத்துலயா இருக்கும்? அது வேற எடத்துல பத்திரமா இருக்கு. அணைஞ்சாலும் போகாது. நீங்கதான் தொண்டை வரைக்கும் நெறைஞ்சவனுக்கு, அடுப்படியில ஒக்கார வச்சு, மேல மேல ஊட்டியிருக்கீக."

அணைக்காமல் பேட்டரியைக் கழற்ற முடியாது என்றார். பொறவு கழற்றலாமே என்றேன். அவர் போனை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே அணைங்க."

அமுக்கினேன். திரை கறுத்தது. வேனில் அவன் முகத்தைத் துணியால் மூடும்போது கூட அழாதவன், அந்தக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். சார்ஜர் கேபிள் வாங்க வந்த ஒருவர், "டிஸ்ப்ளே போச்சா தம்பி? எனக்கும் இப்படித்தான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா வீங்கின பேட்டரியை மணல் போட்ட டப்பாவில் தனியாக வைத்தார். புதுசை மாட்டி, பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் வந்தது. கடைசி வாய்ஸைத் தொட்டேன். நான் டீ வாங்கக் கீழே போயிருந்தபோது வார்டில் இருந்து அனுப்பியது.

"ஏலே, எண்பது ஆச்சு, நானே உருவச் சொல்லிட்டேன். வாரப்ப ஒரு பன்னு வாங்கிட்டு வா. ஒனக்குத்தான், நீ இன்னும் திங்கல."

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தார். "வெவரமான ஆளு. சொன்னதக் கேட்டிருக்கலாம்ல தம்பி" என்றார்.

எல்லாவற்றையும் என் போனிலும் ஒரு மெமரி கார்டிலும் ஏற்றிக் கொடுத்தார். அண்ணன் போனைப் பாதி சார்ஜில் அணைத்து வைக்கச் சொன்னார். நிரப்பியும் வைக்கக்கூடாது, காலியாகவும் வைக்கக்கூடாது, மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதுமாம்.

இப்போது அது பீரோவில், அவன் சட்டைக்கு நடுவில், ஐம்பதில் அணைந்து கிடக்கிறது. அம்மா கேட்டாள், "தூங்குதானாலே?" ஆமாம் என்றேன். என் போன் எண்பதைத் தொட்டால் ஓடிப்போய் உருவுகிறேன். இப்போது உருவி யாருக்கு நிரூபிக்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ எங்கே போனாலும், எங்கள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். வீக்கம் வடிந்து, வலி இல்லாமல், அவன் நன்றாகத் தூங்க வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும்.