எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு ஓர் ஆள்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை 'டிக்சனரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதே அபூர்வம். அவள் படியேறினால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அப்பா சரக்குக் கப்பலில் எந்திரம் பார்த்தவர். போர்த்துக்கீசிய மாலுமிகளோடு இருபது வருடம் குப்பை கொட்டியதில் அந்த மொழி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. பதினான்கு வருடமாகத் தகவல் இல்லை. அவர் செத்துத்தான் போயிருப்பார் என்று மகள் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டாள். அம்மா மட்டும் எந்தப் படிவம் வந்தாலும், "அப்பா பேருக்கு எதிர்ல வெளியூர்னு போடுடி" என்பாள். யாரும் கூப்பிடாத பழைய தொலைபேசி இணைப்பையும் துண்டிக்க விடவில்லை.

அவர் விட்டுப்போன மொழிதான் இப்போது சோறு போட்டது. விடுதி ஊழியர்களுக்கான சிறு நூல் ஒன்றுக்காக, போர்த்துக்கீசியர் அன்றாடம் பேசும் மரபுத்தொடர்களை இயல்பான ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் சிரிப்பார்கள். போர்த்துக்கீசியர் 'தவளையை விழுங்குவது' என்பதை ஆங்கிலேயர் 'நாக்கைக் கடித்துக்கொள்வது' என்பார்கள். அவமானத்தை வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்வது, அவ்வளவுதான். 'கப்பல்களைப் பார்த்து நிற்பது' என்றால் நம்பி ஏமாந்து நிற்பது. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

திண்டாட்டமெல்லாம் எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான். 'யாரோ ஒருவர்' என்று எழுதினால் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு ரத்தமும் சதையுமாக ஆள் வேண்டும். மனிதர்களோடு அதிகம் பழகாத அவள், படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களையே பிடித்துப் போட்டாள். தவளைக்கு மாடிவீட்டு டீச்சர். தலைமையாசிரியர் திட்ட, டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார் என்று எழுதினாள்.

மறுநாள் மாலை டீச்சர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். "எல்லார் முன்னாடியும் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாரு டிக்சனரி. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் குரலை உசத்தினதே இல்ல."

தற்செயல் என்றுதான் நினைத்தாள். கப்பல் பார்க்கும் தொடருக்குக் குடியிருப்பின் கீழ்வீட்டுத் தையல்காரரை எழுதியிருந்தாள். அந்த வாரமே கடைக்குக் கூட்டாளியாக வந்தவன் தையல் இயந்திரங்களோடு மறைந்துபோனான். வெறும் கடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற தையல்காரரை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க, மூன்று வருடமாக வேலை தேடிய எதிர்வீட்டுப் பெண்ணை 'ஒரே அடியில் இரண்டு முயல்' என்ற நல்ல தொடரில் வைத்தாள். இரண்டே நாளில் அவளுக்கு ஒரே தபாலில் இரண்டு வேலை உத்தரவுகள் வந்தன. அந்தப் பெண் ஓடிவந்து வாயில் இனிப்பைத் திணித்தபோது, இனித் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள டிக்சனரிக்கு வழியில்லை.

அடுத்து வந்த தொடர் 'பூட்ஸைத் தட்டுவது'. ஆங்கிலேயர் வாளியை உதைப்பார்கள். நாம் மண்டையைப் போடுவோம். எப்படிச் சொன்னாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

மூன்று நாள் அவள் கை ஓடவில்லை. பதிப்பாசிரியர் போன் செய்தார்.

"என்னம்மா, ஒரே ஒரு தொடருக்கா மூணு நாள்?"

"இதுக்கு மட்டும் உதாரணம் வேணாமே சார்."

"ஏன், எழுதினா செத்துடுவாங்களா? ஆள் கிடைக்கலைன்னா என் மாமியாரைப் போடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!" அவரே சிரித்துக்கொண்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குறேன்."

மறுநாள் காலை, குடியிருப்பில் ஒவ்வொரு கதவாக நினைத்துப் பார்த்தாள். எந்தக் கதவைத் தட்டவும் மனம் வரவில்லை. அடுத்த அறையில் அம்மா இருமினாள். ஏற்கெனவே இல்லாத ஒருவரை எழுதினால் யாருக்கு என்ன ஆகிவிடும்?

அப்பாவை எழுதினாள். பத்து நாற்பதுக்கு அனுப்பினாள்.

பதினொன்றரைக்குக் கூடத்தில் பழைய தொலைபேசி அடித்தது. எடுத்தாள். பெண் குரல், போர்த்துக்கீசியம். ஏதோ துறைமுக மருத்துவமனையின் செவிலி. சுற்றி வளைக்காமல், ஒரு மரபுத்தொடரும் கலக்காமல் சொன்னாள். இறந்து ஐம்பது நிமிடம் ஆகிறது. சட்டைப் பையில் இந்த எண் இருந்தது.

"யாருடி?" என்று அம்மா வந்து நின்றாள்.

"அப்பா போயிட்டாராம்மா."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

அம்மா உடனே அழவில்லை. அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ நேத்து வரைக்கும் இருந்திருக்காரு. நான் சொன்னேன்ல? நீதான் நம்பல." பிறகுதான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை பீறிட்டது.

உள்ளறையில் கணினி ஒலித்தது. போய்ப் பார்த்தாள். பதிப்பாசிரியர் எழுதியிருந்தார்: 'ஆங்கிலம் கச்சிதம். ஆனா சொந்த அப்பா சாவை யாரும்மா இப்படிக் கேலியாச் சொல்லுவாங்க? இயல்பா இல்ல. வேற ஆளைப் போட்டு உடனே அனுப்பு.'

'எனக்கு வேறு யாரும் இல்லை சார்' என்று தட்டி அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான், கூடத்தில் அம்மாவின் அழுகைச் சத்தம் பாதியில் நின்றுபோயிருப்பதைக் கவனித்தாள்.