அவள் வீட்டிலும் நைட் ஷிப்ட்

வீடியோ கேமில் வருகிற கதாநாயகி பேச வேண்டுமா, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமா என்று நானும் என் தம்பியும் போனில் சண்டை போட்டோம். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று யாரும் கேட்கலாம். கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் யூகேஜியை முடிக்கப் போகிறாள் என்ற பயம் என்னை அப்படி ஆட்டி வைத்திருந்தது. எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும்.

தம்பிக்குப் பெங்களூரில் கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. என் மகளின் பிறந்த நாளுக்கு வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனவன் அவன்தான். அதில் இருந்தவற்றில் ஒன்றை மட்டும்தான் அவள் ஆடினாள். தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பெண், காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடி மலை மலையாக ஏறுகிறாள். வழியில் கிழவர்கள், படகோட்டிகள், பூதங்கள் எல்லோரும் அவளிடம் வாயசைத்துப் பேசுகிறார்கள். அவள் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுகிறாள்.

"பேசாத புள்ளைக்குப் பேசாத ஒருத்தியக் கொண்டாந்து காட்டியிருக்கியே, உனக்கு அறிவிருக்காடா?" என்றேன்.

"அக்கா, அவ பேசாம இருக்கறதுதான் விஷயமே. ஹீரோயின் பேசிட்டா அது அவ கதை. பேசலன்னா அது ஆடறவங்களோட கதை. அவ என்ன சொல்லியிருப்பான்னு நாமளே நெனச்சுக்கலாம்."

"நெனச்சுக்கிட்டே இருந்தா ஓரல்ல மார்க் போடுவாங்களா?"

அவன் சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஓரல் என்கிற வாய்மொழித் தேர்வுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை. மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நல்ல பெண்மணி, பதமாகத்தான் சொன்னார். "நல்லா எழுதறா, அழகா கலர் அடிக்கிறா. ஆனா அட்டெண்டன்ஸுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டேங்கறா. ஓரல்லயும் பேசலன்னா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு எப்படிங்க அனுப்பறது? இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டுமே." கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மேலே போய்விட, இவள் மட்டும் அதே குட்டி நாற்காலியில் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஏற்கெனவே பேசாதவள், அதற்குப் பிறகா பேசப் போகிறாள்?

கடலூருக்குப் பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டினோம். காதில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை, பேசுவாள், நீங்கள் அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அவசரம் கூடும். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவள் பேசுவாள். கிசுகிசுவென்று, காதோரம் வந்து, காற்றுக்குக் கேட்காத மாதிரி. அதை நாங்கள் யாரும் வித்தியாசமாக நினைத்ததில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு படுத்தார் என்றால் குவார்ட்டர்ஸ் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொள்ளும். காலிங் பெல்லின் ஒயரை எப்போதோ பிடுங்கியாகிவிட்டது. குக்கர் விசில் அடிக்கும் என்று சோறு வடிக்கிறேன். தாளிப்பதைக்கூட அவர் படுப்பதற்கு முன்பே முடித்துவிடுவேன். அவருக்கு ஷிப்ட் மாறினாலும் தெருவுக்கு மாறாது, அடுத்த வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பிளாக்கில் கீரைக்காரம்மாகூட எந்த வீட்டு வாசலில் கூவலாம், எந்த வாசலில் கூவக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பார். இப்படிப்பட்ட வீட்டில் டிவிக்குச் சத்தம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. என் மகள் அந்த விளையாட்டை ஆடியதெல்லாம் ஊமைப்படமாகத்தான்.

சத்தத்தை வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பெண்ணைப் பேச வைக்கவும் வழி இருக்கிறதாம், செட்டிங்ஸுக்குள் போய் நாயகியின் குரலை ஆன் செய்ய வேண்டுமாம். "வேணாங்க்கா, கெடுத்துடாத" என்றான். "நீ சும்மா இருடா" என்றேன். அந்த வாரம் என் கணவருக்குப் பகல் ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஊரில் இல்லை. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றுகொண்டேன்.

சிவப்புத் துணிக்காரி வாயைத் திறந்தாள். கணீரென்ற இங்கிலீஷ், பூதமே இரண்டடி தள்ளி நிற்கும் குரல். எனக்குப் புல்லரித்தது. என் மகள் கையிலிருந்த கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் காதருகில் வந்து, "இது அவ இல்லம்மா" என்றாள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

மறுநாளும் தொடவில்லை, அதற்கு மறுநாளும் தொடவில்லை. இருந்த ஒரே ஒரு சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தம்பிக்குச் சொல்ல ரோஷம் விடவில்லை. கடைசியில் நானே தட்டுத்தடுமாறி அந்தக் குரலை அணைத்து, சத்தத்தையும் அடியோடு குறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஆட ஆரம்பித்தாள். நான் பூனை மாதிரி வந்து சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் கேட்டது. அந்தப் பெண் தலையை ஆட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் என் மகள் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். "தாத்தா, எங்க ஆட்டுக்குட்டியப் பாத்தீங்களா? கழுத்துல மணி கட்டியிருக்கும்." "படகுக்காரரே, என்னையும் ஏத்திக்கங்க, நான் ஒல்லிதான்." பூதத்திடம், "நீ ஏன் இங்க தனியா நிக்கிற? சாப்டியா?" என்று விசாரித்தாள். ஒரு வருஷமாகப் பள்ளியில் பேசாத பேச்செல்லாம் அங்கே கொட்டிக்கிடந்தது. அத்தனையும் கிசுகிசுப்பு. தூங்குவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் கிசுகிசுப்புத்தான்.

என்னால் அடக்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ ஏன்டா சத்தமா பேச மாட்டேங்கறா?" என்று கேட்டேன்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். "அவ வூட்லயும் அப்பா நைட் ஷிப்டும்மா. தூங்கினு இருக்காரு."

வூடு, தூங்கினு என்று அப்பாவின் பேச்சு அப்படியே அவளிடம் ஒட்டியிருந்தது. மலை, ஆறு, காடு என்று எத்தனை தாண்டிப் போனாலும் அந்தப் பெண்ணின் அப்பா எங்கோ தூங்கிக்கொண்டே இருக்கிறார், அவர் எழுந்துவிடக்கூடாது. பள்ளியில் என்ன நடக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, எல்லோரும் உதட்டில் விரல் வைத்து உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அப்பா தூங்குகிறார்.

என் கணவர் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "நான் தூங்கறதாலயா எம்புள்ள பேசாம கீது?" என்றார். அதெல்லாம் இல்லை என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அவர் தட்டில் இருந்ததை முடிக்காமல் எழுந்துவிட்டார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஓரல் நடந்த வாரம் அவருக்கு மறுபடியும் நைட் ஷிப்ட். காலையில் நானும் மகளும் மட்டும்தான் பள்ளிக்குப் போனோம். வகுப்பின் பின்பக்கம் பெற்றோருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன பிள்ளை ரைம்ஸை மூச்சுவிடாமல் ஒப்பித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டது. அப்போதுதான் என் கணவர் உள்ளே வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே பள்ளி வாசலில் இறங்கியிருக்கிறார். யூனிபார்ம், கையில் ஹெல்மெட், பூட்ஸில் சுரங்கத்து மண், கண் இரண்டும் செக்கச்செவேல்.

"தூங்கலியாங்க?" என்றேன்.

"ஒரு நாளு தூங்கலன்னா செத்தா பூடுவேன்?" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மிஸ் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். ஆடு. "இது என்னம்மா, சொல்லு பாப்போம்." என் மகள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்ததும் பார்வை அங்கேயே நின்றது. மிஸ் இரண்டாம் தடவையும் கேட்டார். என் மகள் வாயை மட்டும் அசைத்து, "தூங்கலியாப்பா?" என்றாள்.

"தூங்கலடா! முழிச்சினுதான் கீறேன், பாரு!" இரண்டு விரலால் கண்ணை அகல விரித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, சத்தமாக.

"ஆட்டுக்குட்டி, மிஸ். இது காணாமப் போயிடுச்சு." அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பாக, தடிமனாக, அப்பாவின் குரலைப் போலவே இருந்தது. "மலை மேல ஏறிடுச்சு. ஒரு அக்கா தேடிகினு போனாங்க." மிஸ் அடுத்த படத்தை எடுக்கவே இல்லை. அவள் மலையில் ஏறினாள், தாத்தாவிடம் விசாரித்தாள். எனக்குக் கண் நிறைந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பக்கத்தில் ஹெல்மெட் நழுவுவது தெரிந்து பிடித்தேன். அவர் தலை தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தார். என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். பேச்சு பாதியில் நின்றது. என் ஆட்காட்டி விரல் தானாக உதட்டை நோக்கி எழுந்தது. அதை மடக்கி ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஸ் பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாக, "அப்புறம் பூதம் வந்துச்சு, மிஸ்" என்றாள்.