மடிப்பக்கா கேட்டுத் தெரிந்துகொண்டது

மடிப்பக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு மடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு நானூறு. வெளியே வந்தாலும் கை சும்மா இருக்காது. மேஜைமேல் கிடக்கும் செய்தித்தாள், நாற்காலியில் தொங்கும் என் சட்டை, எது அகப்பட்டாலும் நாலாக மடித்து ஓரமாக வைத்துவிடுவார். அந்தப் பெயர் வைத்தது நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில்தான் யாரும் இல்லையே.

சனிக்கிழமை மத்தியானம் மருந்துக்கடை மாடியில் இங்கிலீஷ் வகுப்பு. நாங்கள் மொத்தமே மூன்று பேர்: அக்கா, சலூன்காரர், டாக்ஸி ஓட்டுகிற நான். சாருக்கு இருபத்தாறு வயது. ஏழு கழுதை வயதான எங்களை வாரம் ஒரு வினைச்சொல்லை வைத்து அந்தப் பையன் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து வாக்கியம் எழுத வேண்டும். பத்தும் அவரவர் வாழ்க்கையில் உண்மையாக இருக்க வேண்டும். புத்தகத்து வாக்கியம் எழுதினால் பேனாவைக் குறுக்கே இழுத்து அடித்துவிடுவார்.

அந்த வாரம் ஃபைண்ட் அவுட்.

"தொலைஞ்ச சாவி கட்டிலுக்கு அடியில கிடைச்சா, அது வெறும் ஃபைண்ட். சாவிய எடுத்தது யாருன்னு நாலு பேரை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா ஃபைண்ட் அவுட்" என்றார் சார்.

தன் புதுக் கத்தரிக்கோலைச் சுட்டது மச்சான்தான் என்று தெரிந்துகொண்டதை சலூன்காரர் எழுதினார். பயணிகள் கதவை ஏன் அறைந்து சாத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாக நான் எழுதினேன். அக்கா பத்து இடத்திலும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்.

"ஐ வாண்ட் டு ஃபைண்ட் அவுட் வேர் மை சன் இஸ்."

சார் ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அக்காவுக்கு ஒரே மகன். கடல் தாண்டி ஏதோ கிடங்கில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒன்பது மாதமாகக் கூப்பிடவில்லை. அவன் எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. அக்காவிடம் மிச்சமிருந்தது அவன் வேலைக் கடிதத்தில் அச்சடித்திருந்த அலுவலக எண் ஒன்றுதான். அங்கே இங்கிலீஷ்தான் பேசுவார்களாம். அதற்காகத்தான் அக்கா வகுப்பில் சேர்ந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? சார் பேசினா ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம் தம்பி. அவன் அப்பா செத்துப்போனப்ப சேதி முதல்ல எங்க சூப்பர்வைசருக்குத்தான் வந்துச்சு. அவரு என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, ஒரு மணி நேரம் என்னென்னமோ பேசினாரு. அந்த ஒரு மணி நேரம் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம். என்னவா இருந்தாலும் என் காதுல முதல்ல விழட்டும்."

மூன்று சனிக்கிழமை பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, அக்காவுக்கு வரக்கூடிய பதில்களைச் சொல்லிக்கொடுத்தோம். விபத்து. ஆஸ்பத்திரி. வேலையை விட்டுவிட்டான். எங்கே போனான் என்று தெரியாது. சலூன்காரர் ஜெயிலையும் சேர்த்தார், அவரை முறைத்தேன். கடைசிப் பதிலை எழுதச் சாருக்குக் கை வரவில்லை. அக்காவே கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே மனப்பாடம் செய்தாராம், மடிப்புக்கு ஒரு வார்த்தையாக.

நாலாவது சனிக்கிழமை என் ஃபோனில் இருந்து கூப்பிட்டோம். என் ஃபோன் ஓட்டை வாய். காதோடு ஒட்டி வைத்தாலும் எதிராளி பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும். இரண்டு மூன்று இடத்துக்கு மாற்றிவிட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். அக்கா எழுந்து நின்று மகன் பெயரைச் சொன்னார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம்.

"ஓ, நீங்க அவரோட அம்மாவா! இங்கதான் இருக்கார். இப்ப ஷிஃப்ட் இன்சார்ஜ். அவர் கல்யாணத்துக்கு நீங்க வருவீங்கன்னு நாங்க எல்லாரும் எதிர்பார்த்தோம். உங்களுக்கு உடம்பு சரியில்லை, பயணம் பண்ண முடியாதுன்னு சொன்னார். இப்ப எப்படி இருக்கீங்க?"

அவள் இங்கிலீஷில் சொன்னது இதுதான். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ஒன்றுகூடப் புரியாமல் போக வழியில்லை. எங்கள் பயிற்சி அப்படி.

நாங்கள் மூன்று தடிமாடுகளும் மாறி மாறிக் கெட்டதையெல்லாம் எழுதிக்கொடுத்தோமே, அவன் நன்றாக இருப்பான் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அக்கா தாளைப் பார்த்தார். இதற்கு அதில் பதில் இல்லை. அவன் மட்டும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன்.

"நவ்... ஐ ஆம் பெட்டர்" என்றார் அக்கா.

"ரொம்ப சந்தோஷம். ஒரு நிமிஷம் இருங்க, அவரைக் கூப்பிடறேன்."

"நோ, நோ." அக்காவின் குரல் உயர்ந்தது. அடுத்த வாக்கியத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஐ கால்டு. ஹி ஷுட் நாட் ஃபைண்ட் அவுட். ப்ளீஸ்."

அந்தப் பெண் என்னவோ கேட்க ஆரம்பித்தாள். அக்கா நன்றி சொல்லி ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டார்.

சார் தண்ணீர் எடுத்துவரப் போனார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார். "எம்புள்ள நல்லா இருக்கான்" என்று எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மனசு கேட்காமல் வேலை விடுகிற நேரத்துக்குச் சலவைக்கூட வாசலில் டாக்ஸியோடு போய் நின்றேன். அக்கா மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார். பாதி தூரம் போனதும் ஆரம்பித்தேன்.

"கிளாஸுக்கு வாங்கக்கா. சார் ரெண்டு வாரமா கேக்கறார். நல்லா பேச வந்துடுச்சே உங்களுக்கு, பாதியில விடலாமா?"

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து? இனிமே இங்கிலீஷ்ல யார்கிட்ட என்ன கேக்கப்போறேன் தம்பி?"