ரிலக்டன்டுக்கு நான் சொன்ன வசனம்

கல்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத் தோழியும் நானும் இங்கிலீசைக் கையில் எடுத்தோம். சின்னச் சொற்கள் தெரியும். இடைநடுவில் கிடக்கும் சொற்கள்தான் எங்கள் காலை வாரின. நாளுக்குப் பத்துச் சொல், அர்த்தம், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம். குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சொந்த வசனம் என்றால்தான் சொல் மனதில் ஒட்டும் என்று சட்டம் போட்டவள் நான். பெரிய புத்திசாலி!

'ரிலக்டன்ட்' என்றால் மனமில்லாமல் தயங்குவது. அப்பா வாவியில் தோணி கவிழ்ந்து செத்த பிறகு அம்மா அந்தத் தோணியை விற்கத் தயங்கினா என்று சொன்னேன். 'கோப்' என்றால் சமாளிப்பது. அப்பம் சுட்டு விற்று எங்களைச் சமாளித்தா என்றேன். அவள் அனுப்பியதெல்லாம் மழை, பஸ், பக்கத்து வீட்டு நாய். கேட்டால், "எனக்கு ஒண்டும் வருதில்லகா, நீ சொல்லு" என்பாள். நானும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

நேர்முகத் தேர்வு அவளுக்கு முதல் நாள், எனக்கு மறுநாள். கஷ்டகாலத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று இங்கிலீசில் கேட்டார்கள். அப்பாவைச் சொன்னேன், தோணியைச் சொன்னேன். அப்பத்துக்கு வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பேனையைக் கீழே வைத்தார்.

"நேற்று வந்த பிள்ளையும் இதையேதான் சொன்னா. எந்த ரியூசன்ல பாடமாக்கித் தாறாங்க?" என்று தமிழிலேயே கேட்டார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். நான் என் ஃபைலை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

வெளியே வந்து அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"வசனந்தானேகா. பழகத்தானே அனுப்பின நீ. அவங்க கேக்க வாயில வந்திற்று," என்றாள்.

வந்திற்றாம்! என் அப்பாவின் சாவு அவள் வாயில் அவ்வளவு லேசாக வந்திருக்கிறது. வேலையும் பிறகு அவளுக்கே கிடைத்தது. அதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. நான் பொய்க்காரி ஆனேனே, அதுதான் எரிந்தது.

அன்று ஆரையம்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சந்தியில் அவளுடைய அப்பா. மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"இன்டவியூ எப்பிடி மகள்? நம்மட புள்ளைக்கு நல்லாப் போச்சாம்."

நல்ல மனுசன். முகத்தைப் பார்க்க முடியாமல், "ஓம் மாமா, நல்லம்" என்றுவிட்டு நடந்தேன். தன் மகள் நேற்று அவரை வாவியில் சாகடித்துவிட்டு வந்தது அவருக்குத் தெரியாது.