புயலுக்குப் பிந்தியவர்கள்

எட்டாவது முறையாக ஓர் இனத்தைப் பூண்டோடு அழித்துவிட்டு, அத்தை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார். ஒரு வாய் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்து, "பாவம், இதுங்களுக்கு இந்தத் தடவையும் வாய்க்கல" என்கிறார். நோட்டில் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம்தான் தண்ணீர்.

அவர் எங்களில் யாருக்கும் அத்தை இல்லை. கணினி விளையாட்டு செய்யும் இந்த அலுவலகத்துக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் சோதனையாளராக வந்தவர். அதற்கு முன் இருபது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில், வெள்ளத்தில் போன வண்டியையும் தீயில் போன கடையையும் விசாரித்தவர். அந்தப் புத்தி இன்னும் விடவில்லை. திரையில் யார் செத்தாலும், "எப்படிச் செத்தாங்க? யாரு பாத்தா?" என்று துருவுவார்.

விளையாட்டு விண்வெளியில் நடக்கிறது. எட்டு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நடுநடுவே சூரியன் சீறும், காந்தப் புயல் அடிக்கும், கதிர்வீச்சு கொட்டும். எந்தப் புயல் எந்தக் குணத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அத்தையின் வேலை. அவர் சொல்லிக் கேட்டால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறாரோ என்று தோன்றும்.

"இந்த வெளிச்சம் சாப்பிடறவங்க இருக்காங்களே, சூரியன் சீறினா அவங்களுக்கு விருந்து. ரெண்டே சுத்துல வீடு கொள்ளாம புள்ளைங்க. இரும்பு உடம்புக்காரங்க கதிர்வீச்சுக்கெல்லாம் அசைய மாட்டாங்க, காந்தம் வந்தா ஆட்டம் காலி. எல்லாருக்கும் ஒரே மனசுன்னு ஒரு கூட்டம் இருக்கு பாரு, அதுதான் கொடுமை. புயல்ல பேச்சு அறுந்துபோச்சுன்னா பாதிப் பேருக்கு மீதிப் பேரு யாருன்னே தெரியாது."

புயலை ஏவுவதற்கு முன் திரையைப் பார்த்து, "பத்திரமா இருங்கப்பா" என்பார். ஏவுகிறவரும் அவரேதான். அந்தப் புயல்களுக்குச் சத்தம் அமைப்பவன் நான். விண்வெளியில் சத்தமே கிடையாது என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். என் பிழைப்பே அதுதான் என்று தெரிந்தும் சொன்னார்.

போன வியாழக்கிழமை மேலாளர் ஒரு தாளோடு வந்தார். விளையாட்டிலிருந்து நீக்க வேண்டியவற்றின் பட்டியல். கடைசி வரியில் 'மந்தம்' என்றிருந்தது. நாலு மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் குணம் போய்விடும். அந்த இனமும் கூடவே போய்விடும், அவர்களுக்கு வேறு குணமே இல்லை.

மந்த இனத்தின் கப்பல் கிளம்ப மூன்று சுற்று ஆகும், மற்றவர்களுக்கு ஒன்று. குறை என்றுதான் அதை வைத்தோம். ஆனால் காந்தப் புயல் இரண்டே சுற்றில் ஓய்ந்துவிடுகிறது, வெளியே இருக்கும் கப்பல்களைத்தான் அடிக்கிறது. எச்சரிக்கை வந்ததும் மற்ற இனங்கள் தப்பி ஓடப் பார்த்து நடுவழியில் மாட்டிக்கொள்ளும். இவர்கள் கதவைத் திறப்பதற்குள் புயலே போய்விடும். எட்டு இனம் மோதும் ஆட்டத்தில், பத்துக்கு நாலு வெற்றி இவர்களுக்கே.

"குறைன்னு வச்சது எப்படிம்மா ஜெயிக்கும்? இது பிழை. தூக்கிடலாம்" என்றார் மேலாளர்.

"பிழைன்னா யாராவது தப்பு பண்ணியிருக்கணுமே சார். புயல எழுதினவர் மேல் மாடி. குணத்த எழுதின பொண்ணு இந்த மாடி. ரெண்டு பேரும் லிஃப்ட்ல கூடப் பேசிக்கிட்டதில்ல. இந்த விதிய யாருமே எழுதல சார். தானா முளைச்சிருக்கு." அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "இருபது வருஷமா எல்லாம் எப்படி அழியுதுன்னே பாத்தவ நான். ஒண்ணு எப்படிப் பொழைக்குதுன்னு இப்பத்தான் பாக்கறேன். ஒரே ஒரு புயல், நீங்களே ஆடிப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அந்தப் புயலை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அதில் இப்படி ஒன்று ஒளிந்திருப்பது என் கண்ணில் படவே இல்லை.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாவெறுப்பாக அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து மந்த இனத்தை எடுத்துக்கொண்டார். எச்சரிக்கை வந்ததும் பதறிப்போய்க் கப்பல்களைக் கிளப்பப் பார்த்தார். "கிளம்பித் தொலைங்கடா!" ஒன்றும் அசையவில்லை. பக்கத்து இனங்களெல்லாம் சிட்டாய்ப் பறந்துகொண்டிருந்தன. அப்புறம் புயல் வந்தது. இரும்பு உடம்புக்காரர்களின் விளக்குகள் அணைந்தன. ஒரே மனசுக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். அடுத்த சுற்றில் திரை முழுக்க இருட்டு.

கீழ் மூலையில் மூன்று மஞ்சள் புள்ளிகள் மட்டும் எரிந்தன. துறைமுகக் கதவு அப்போதுதான் திறந்தது. அவ்வளவு பெரிய இருட்டுக்குள் அந்த மூன்று கப்பல்களும் ஆடி அசைந்து புறப்பட்டன.

மணி நாலைத் தாண்டியது. மேலாளர் முழங்கையைப் பட்டியல் மேல் ஊன்றிக்கொண்டு, நடுவழியில் செத்துக் கிடந்த பக்கத்து இனத்துக் கப்பலை இழுத்துவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "அடுத்த புயல் எப்பம்மா வரும்?" திரும்பாமலே கேட்டார். அவர் மவுஸைத் தட்டிய தட்டில் மேஜை கடகடவென்று ஆடியது. அத்தை அவர் முழங்கைக்கு அடியிலிருந்து, கையெழுத்து விழாத அந்தத் தாளை மெல்ல உருவினார். நாலாக மடித்தார். குனிந்து, மேஜையின் குட்டையான காலுக்கு அடியில் செருகினார்.